ஒரே ஒரு கோச் போதும்: அமெரிக்கச் சிறு கல்லூரியில் கூடைப்பந்து ஆட இடம் பிடிப்பது எப்படி

இலினாய் மாநிலத்தின் புளூமிங்டனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வேலையாக வந்த தமிழர்கள் நிறைய. நானும் அப்படி வந்தவன்தான். ஜனவரியில் இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வெளியே கால் வைக்க முடியாது. அப்படி ஒரு புதன்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவர் இலினாய் வெஸ்லியன் கல்லூரியின் ஷர்க் சென்டருக்கு ஆட்டம் பார்க்க இழுத்துப் போனார். எனக்குப் பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். எதிரே நடந்த ஆட்டத்தை அவர் பாதிதான் பார்த்தார். மீதி நேரமெல்லாம் ஜாக் சிக்மா பேச்சு.

சிக்மா, செயின்ட் ஆன் என்ற சின்ன ஊர்ப் பையன். பள்ளியில் தாமதமாகத்தான் உயரம் போட்டார். பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத நாளிலேயே வெஸ்லியன் கோச் டென்னி பிரிட்ஜஸ் அவரைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டார். உயரம் கூடியபின் பெரிய இடங்கள் வந்து கேட்டபோது சிக்மா அசையவில்லை. அந்த ஒல்லி உடம்போடு கூடைக்கு அடியில் மோத முடியாது. அதனால் கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து வந்ததும் உள்பக்கமாகச் சுழன்று, பந்தைத் தலைக்கு மேலே உயர்த்தி எறிகிற ஒரு திருப்பத்தை பிரிட்ஜஸ் சொல்லிக்கொடுத்தார். அதற்கு சிக்மாவின் பெயரே நிலைத்துவிட்டது. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1977-இல் சியாட்டில் அணி அவரை எட்டாவதாக எடுத்தது. 1979-இல் என்.பி.ஏ. சாம்பியன், 2019-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ்மன்றத்தில் இடம். பெரியவர் இதையெல்லாம் நேற்று நடந்த மாதிரி சொன்னார்.

சில வருஷம் கழித்து நேப்பர்வில்லில் இருக்கும் என் அக்கா மகன் போன் பண்ணினான். “மாமா, எனக்கு காலேஜ்ல ஆடணும். யாரைக் கேக்கறதுன்னே தெரியல.” அப்போது அவன் பத்தாம் வகுப்பு. பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன், ஐந்தடி பதினொன்று. அடுத்த இரண்டு வருஷம் நானும் அவனும் அலைந்த அலைச்சலில் கற்றதுதான் கீழே இருப்பது. சிறு கல்லூரி ஆட்டக்காரர்களின் பழைய கதை எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு கோச் இருப்பார். நேரில் வந்து பார்த்தவராக இருப்பார், இல்லையென்றால் இன்னொரு கோச்சுக்குப் போன் போட்டுச் சொன்னவராக இருப்பார். முப்பது கோச்சுகள் மெயில் அனுப்புவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

படி 1: எந்த வாசலில் என்ன கிடைக்கும்

டிவியில் மார்ச் மாதம் பார்ப்பது, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்மட்டமான டிவிஷன் 1. அதற்கு வெளியே நான்கு வாசல்கள் இருக்கின்றன.

டிவிஷன் 2-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு. ஆனால் ஆண்கள் கூடைப்பந்து அணி ஒன்றுக்குப் பத்து முழு ஸ்காலர்ஷிப் அளவுதான் வரம்பு. அந்தப் பத்தை கோச் பதினைந்து பேருக்குக்கூடப் பிரித்துக் கொடுப்பார். “ஸ்காலர்ஷிப் கிடைச்சிருச்சு” என்று யாராவது சொன்னால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். என்.ஏ.ஐ.ஏ. தனி அமைப்பு. பெரும்பாலும் சின்னத் தனியார் கல்லூரிகள், அங்கேயும் பிரித்துத் தரும் ஸ்காலர்ஷிப் உண்டு. ஜூனியர் காலேஜ் என்கிற இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கு என்.ஜே.சி.ஏ.ஏ. இருக்கிறது. அதற்குள்ளேயும் மூன்று பிரிவு, மேல் பிரிவில் முழு ஸ்காலர்ஷிப், கடைசிப் பிரிவில் ஒன்றுமில்லை.

டிவிஷன் 3 தான் எண்ணிக்கையில் பெரியது, ஏறத்தாழ 430 கல்லூரிகள். இங்கே விளையாட்டுக்காக ஒரு டாலர் கூடத் தரக்கூடாது, அது விதி. படிப்புக்கான மெரிட் உதவி, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி இரண்டும் உண்டு. டிவிஷன் 3 ஆட்டக்காரர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு இப்படி ஏதோ ஓர் உதவி கிடைக்கிறது என்பது என்.சி.ஏ.ஏ. தரும் கணக்கு.

ஆக, டிவிஷன் 3 கோச்சின் கையில் பணம் கிடையாது. அட்மிஷன் ஆபீஸில் அவர் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, அவ்வளவுதான். அந்த மதிப்பு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இது புரிந்தால் பின்னால் வருகிற பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 2: உயரத்தில் பொய் சொல்லாதீர்கள்

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் மருமகனை ஒரு பழைய கல்லூரி ஆட்டக்காரரிடம் கூட்டிப் போனேன். இப்போது பள்ளி கோச்சாக இருப்பவர், எனக்குக் கோவில் வழியாகப் பழக்கம். அவர் நாற்பது நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “உயரம் என்ன போடுகிறாய்?” என்றார். “ஆறடி ஒன்று” என்றான் இவன். ஷூவோடு சேர்த்து நிறுத்தினாலும் ஆறடியைத் தாண்டவில்லை. “கோச் உன் பக்கத்தில் வந்து நிற்கிற முதல் நிமிஷமே இந்தப் பொய் உடைந்துபோகும். அப்புறம் உன் மார்க்கையும் நம்பமாட்டார்” என்றார். அன்றிலிருந்து ஐந்தடி பதினொன்று.

அடுத்து அவர் சொன்னது: “உனக்கு இடது பக்கம் போகவே தெரியவில்லை. ஒன்பது தடவை வலது பக்கம்தான் போனாய்.” எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்பா அம்மா செய்யக்கூடாத வேலை இந்த மதிப்பீடு. மாமாவும் செய்யக்கூடாது. உங்கள் பிள்ளைமேல் பாசம் இல்லாத, கல்லூரி மட்டத்தில் ஆடிய ஒருவரைப் பிடியுங்கள். “இவன் எந்த மட்டத்தில் முதல் எட்டுப் பேருக்குள் வருவான்?” என்ற ஒரு கேள்வி போதும். பதினைந்தாவது ஆளாக டிவிஷன் 2 பெஞ்சில் உட்காருவதா, டிவிஷன் 3-இல் ஆடுவதா என்பதை அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வீட்டில் பேசலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. டிவிஷன் 1 கோச்சுகள் இப்போது பள்ளிப் பிள்ளைகளைவிட, கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்டலில் கிடைக்கும் 21, 22 வயதுக்காரர்களையே விரும்புகிறார்கள். அதனால் நேற்று அங்கே போயிருக்கக்கூடிய பையன் இன்று டிவிஷன் 2-க்கு இறங்குகிறான், அங்கே போயிருக்கக்கூடியவன் டிவிஷன் 3-க்கு வருகிறான். “டிவிஷன் 3 தானே” என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களை ஒரு ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போங்கள்.

படி 3: ரோஸ்டரை ஜாதகம் பார்க்கிற மாதிரி பாருங்கள்

முதல் பட்டியலில் முப்பது கல்லூரி இருக்கலாம். படிப்பு, தூரம், செலவு மூன்றையும் வைத்து இருபதாகக் குறையுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லூரியின் ரோஸ்டர் என்கிற ஆட்டக்காரர் பட்டியல் பக்கத்தையும் திறந்து, உங்கள் பிள்ளை சேரும் வருஷத்தில் அவன் இடத்தில் யார் யார் மிஞ்சி இருப்பார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பாயிண்ட் கார்டுகள் முதலாண்டு, இரண்டாமாண்டில் இருந்தால் அந்த கோச் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் இடம் இல்லை. முதலாண்டில் எத்தனை பேர், நான்காம் ஆண்டில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். ஒன்பது பேர் சேர்ந்து இரண்டு பேர் மிஞ்சும் அணிகள் உண்டு. அங்கே உள்ளே இழுப்பது சுலபம், நிலைப்பது கஷ்டம்.

ஆடும் பாணியும் முக்கியம். அயோவாவில் கிரின்னல் கல்லூரி என்று ஒன்று. டேவிட் ஆர்சனோ கொண்டுவந்த முறைப்படி அங்கே ஐந்து ஐந்து பேராக மாற்றி மாற்றி இறக்குவார்கள். மைதானம் முழுக்க விரட்டித் தடுப்பது, கண்ணை மூடிக்கொண்டு மூன்று பாயிண்ட் எறிவது. 2012 நவம்பர் 20 அன்று அந்த அணியின் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 பாயிண்ட் எடுத்தார். 108 முறை எறிந்து 52 போட்டார், அதில் மூன்று பாயிண்ட் எறிதல்கள் மட்டும் 71. அதற்கு முன்னால் 113 பாயிண்ட் எடுத்து நின்ற பெவோ ஃபிரான்சிஸும் ஒஹையோவின் ரியோ கிராண்ட் என்ற பொடிக் கல்லூரிக்காரர்தான், 1954-இல். 138-ஐ சாதனை என்பவர்களும் உண்டு, சர்க்கஸ் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஆனால் ஓடி ஓடி எறியப் பிடிக்கும் பையனுக்கு அது சொர்க்கம். நிதானமாகப் பந்தைச் சுற்றவிட்டு ஆடும் பையனை அங்கே அனுப்பினால் இரண்டு பேருக்கும் தலைவலி.

வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்து ஒரு கல்லூரியை அடித்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவின் பொமோனா-பிட்சர் அணிக்கு 1979-இல் வந்த புது கோச், முதல் சீசனில் இரண்டு ஆட்டம் ஜெயித்து 22 தோற்றார். 1986-இல் அதே அணி தன் லீக்கின் பட்டத்தை வென்றது, 68 வருஷத்துக்கு அப்புறம். அந்த கோச்சின் பெயர் கிரெக் பாப்பொவிச், பின்னாளில் என்.பி.ஏ.வின் புகழ்பெற்ற கோச் ஆனவர். தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் அங்கே சேர்ந்த பையன்கள் யாரிடம் பாடம் கற்றார்கள் என்று பாருங்கள்.

படி 4: வீடியோ, மூன்றரை நிமிஷம்

பாட்டு வேண்டாம், புகை வேண்டாம், பெயர் சுழன்று வர வேண்டாம். முதல் முப்பது வினாடியில் உங்கள் சிறந்த ஐந்து ஆட்டத் துண்டுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உங்களைச் சுட்டி ஓர் அம்புக்குறி அல்லது வட்டம். எறிந்தது மட்டும் இருந்தால் போதாது. பாஸ், தடுப்பாட்டம், பந்து தரையில் உருளும்போது பாய்ந்து விழுந்தது, எல்லாம் வரட்டும். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் லிங்க் கட்டாயம். அதுவும் நன்றாக ஆடிய ஆட்டமாக இருக்க வேண்டும் என்றில்லை, பலமான அணியோடு ஆடியதாக இருக்கட்டும். ஒரு உதவி கோச் எங்களிடம் சொன்னது: “ஹைலைட் பார்த்து யாரையும் எடுக்கமாட்டேன். முழு ஆட்டத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அது.”

படி 5: மெயில் பிள்ளையே எழுத வேண்டும்

நம் வீடுகளில் இது பெரிய வியாதி. அப்பா எழுதிய மெயில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அதில் “மிகுந்த ஆர்வமும் அர்ப்பணிப்பும்” இருக்கும். அக்காவே ஒன்று எழுதி வைத்திருந்தாள். படித்துப் பார்த்து, “அக்கா, இது கல்யாண பயோடேட்டா மாதிரி இருக்கு” என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

மருமகன் கடைசியில் எழுதியதன் சாரம் இது: “வணக்கம் கோச். நான் 2024-இல் பள்ளி முடிக்கும் பாயிண்ட் கார்டு, ஐந்தடி பதினொன்று, ஜி.பி.ஏ. 3.8. போன சனிக்கிழமை உங்கள் ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். இரண்டாம் பாதியில் உங்கள் கார்டுகள் ஸ்கிரீனுக்கு மேல்பக்கமாகவே போய்த் தடுத்தார்கள், எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் ஆடுகிறோம். உங்கள் பாயிண்ட் கார்டுகள் இருவரும் நான் சேரும் வருஷத்துக்குள் முடித்துவிடுவார்கள் என்று ரோஸ்டரில் பார்த்தேன். வீடியோ, மார்க் பட்டியல், கோடை ஆட்ட அட்டவணை கீழே. என் கோச்சின் எண்ணும் இருக்கிறது.” அவ்வளவுதான். தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் வருஷம், ஆடும் இடம், உயரம், ஜி.பி.ஏ. என்கிற மார்க் சராசரி வந்துவிட வேண்டும். தலைமை கோச்சுக்கும் உதவி கோச்சுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பெரும்பாலும் படிப்பது உதவி கோச்தான். கல்லூரியின் இணையதளத்தில் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு கேள்விப் படிவம் இருக்கும், அதையும் நிரப்பிவிடுங்கள்.

மூன்று வாரம் பதில் இல்லையென்றால் புது வீடியோவோடு இன்னொரு மெயில். அதற்கும் இல்லையென்றால் பள்ளி கோச்சைவிட்டுப் போன் பண்ணச் சொல்லுங்கள். ஒரு கோச் இன்னொரு கோச்சுக்குப் போடும் போனுக்கு நம் நூறு மெயில் ஈடாகாது. அர்கன்சாவின் ஹாம்பர்க் ஊரில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த ஒரு பையனுக்கு எந்தக் கல்லூரியும் ஸ்காலர்ஷிப் தரவில்லை, அப்போது ஆறடி ஒன்று. பள்ளி கோச் தனக்குத் தெரிந்த சென்ட்ரல் அர்கன்சா கோச் டான் டயரிடம் பேசினார். பையன் அணியின் மேனேஜராக, சாமான் எடுத்துவைக்கும் வேலையோடு, உள்ளே போனான். அணியில் சிலர் விலக இடம் கிடைத்தது, உயரமும் ஆறடி ஏழுக்கு மேல் போனது. 1987 டிராஃப்டில் ஐந்தாவதாகப் போய் என்.பி.ஏ. நட்சத்திரமான ஸ்காட்டி பிப்பன்தான் அவன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவிஷன் 3 கோச் எப்போது வேண்டுமானாலும் மெயில் எழுதலாம், போன் பேசலாம். கல்லூரி வளாகத்துக்கு வெளியே நேரில் சந்தித்துப் பேச, பத்தாம் வகுப்பு முடிந்திருக்க வேண்டும். கல்லூரி செலவில் அழைக்கும் அதிகாரபூர்வ விசிட், பதினோராம் வகுப்பின் ஜனவரி 1 முதல். டிவிஷன் 2-க்கு பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஜூன் 15 தான் கணக்கு. அங்கே போக என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிந்து, 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.2 ஜி.பி.ஏ.யும் காட்ட வேண்டும்.

படி 6: கேம்ப்புக்குக் காசு கொட்டுவதற்கு முன்

எட்டாம் வகுப்பிலிருந்தே அழைப்பு மெயில்கள் வரும். “உங்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்” என்று ஒரு கேம்ப் மெயில் வந்தது. வாழ்த்து வரியில் மைக்கேல் என்று வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயர். அதைக் கவனிக்காமல் காசைக் கட்டிவிட்டு, நான்கு மணி நேரம் ஓட்டிப் போனோம். இருநூறு பேர், ஆறு கோர்ட்டுகள். வருவதாகப் போட்டிருந்த கோச்சுகளில் பாதிப் பேரைக் காணோம். மருமகனுக்கு ஒரு டி-ஷர்ட் கிடைத்தது. இப்போது அக்கா அதில்தான் கார் துடைக்கிறாள்.

உருப்படியானவை இரண்டு வகை. உங்கள் பட்டியலில் இருக்கும் கல்லூரியே தன் ஜிம்மில் நடத்தும் சின்ன கேம்ப் ஒன்று. படிப்பில் நல்ல பிள்ளைகளுக்கென்றே நடக்கும், பல டிவிஷன் 3 கோச்சுகள் வந்து வேலை பார்க்கும் கேம்ப் இன்னொன்று. எதுவானாலும், போவதற்கு முன்பே அந்த கோச்சுகளுக்கு மெயில் போட்டு, “நான் வருகிறேன், என் எண் இது” என்று சொல்லியிருக்க வேண்டும். யாரென்றே தெரியாத பிள்ளையை கேம்ப்பில் தேடிப் பிடிக்க அவர்களுக்கு நேரமில்லை. ஏற்கெனவே பெயர் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகளைச் சரிபார்க்கத்தான் வருகிறார்கள்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். ஒரு கோச் சுருட்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றார். கோர்ட் பக்கம் திரும்பவே இல்லை. மாற்றி உட்கார வைக்கப்பட்ட பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் துண்டைத் தலையில் போட்டுக் குனிந்துவிட்டான். இன்னொருவன் எழுந்து நின்று கத்தி உற்சாகப்படுத்தினான். கோச் தாளை விரித்து ஏதோ எழுதினார்.

படி 7: சொல்வதை விடுங்கள், செய்வதை எண்ணுங்கள்

“உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது” என்பது இந்த ஊரில் “சாப்பிட்டுட்டுப் போங்க” மாதிரி. மனசார வருவதும் உண்டு, வாசலோடு நிற்பதும் உண்டு. நாங்கள் ஒரு நோட்டில் கல்லூரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கோச் என்ன செய்தார் என்று மட்டும் எழுதி வைத்தோம்.

பொதுவான கேம்ப் அழைப்பு மெயிலுக்கு மதிப்பு பூஜ்யம். பெயர் சொல்லி, நாம் எழுதிய விஷயத்துக்குப் பதில் சொல்லும் மெயில் பரவாயில்லை. உதவி கோச் போனில் பேசினால் கொஞ்சம் ஆர்வம் இருக்கிறது. தலைமை கோச்சே போன் பண்ணினால் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறது. கோச் தன் ஊரிலிருந்து காரோட்டி வந்து, உங்கள் பிள்ளையின் பள்ளி ஆட்டத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தால் அதுதான் உண்மையான விலை. டிவிஷன் 3 கோச்சுக்குப் பயணப் பணம் குறைவு, சொந்த சீசனும் அதே மாதங்களில் ஓடுகிறது. ஒரு சாயங்காலத்தை உங்களுக்காகச் செலவு செய்தால், அவரிடம் இருப்பதில் பெரியதைக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொரு பெரிய அடையாளம் ப்ரீ-ரீட். பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில், பெரும்பாலும் ஜூலையில், படிப்பில் கெடுபிடியான கல்லூரிகளின் கோச்சுகள் மார்க் பட்டியலை வாங்கி அட்மிஷன் ஆபீஸிடம் காட்டி, “இந்தப் பையனுக்கு வாய்ப்பு எப்படி?” என்று முன்கூட்டியே கேட்பார்கள். எல்லோருக்கும் கேட்கமாட்டார்கள். ப்ரீ-ரீட் சாதகமாக வந்த பிறகும் ஒன்றைக் கேளுங்கள்: “கோச், நீங்கள் எனக்காக அட்மிஷனில் குரல் கொடுப்பீர்களா, அல்லது நான் உள்ளே வந்தால் அணியில் சேர்த்துக்கொள்வீர்களா?” இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறே ஓடுகிறது. இந்தக் கேள்வியை மருமகன் ஒரு இடத்தில் கேட்டதும், ஆறு மாதமாக வாரம் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர் அமைதியாகிவிட்டார். அழுதான். ஆனால் அக்டோபரில் தெரிந்தது, ஏப்ரலில் தெரிவதைவிட நல்லது.

கோச்சுகள் ஊர் மாறுவார்கள், இதையும் கணக்கில் வையுங்கள். அது கெடுதலாகவே முடியும் என்றில்லை. டெரிக் வைட் கொலராடோவில் பள்ளி முடித்தபோது ஆறடி உயரம், நான்காண்டுக் கல்லூரி ஸ்காலர்ஷிப் எதுவும் வரவில்லை. டென்வரில் சமையல் படிப்புக்குப் பெயர்போன ஒரு கல்லூரியின் கோச் ஜெஃப் கல்வர் மட்டும் அவர்மேல் கண் வைத்திருந்தார். கல்வருக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பல்கலைக்கழகத்தின் டிவிஷன் 2 அணியில் வேலை கிடைத்தது. போன இடத்துக்கு வைட்டையும் கூட்டிப் போனார். மூன்று வருஷம் அங்கே, கடைசி வருஷம் டிவிஷன் 1, 2017 டிராஃப்டில் 29-ஆவது, 2024-இல் பாஸ்டன் அணியோடு சாம்பியன்.

டங்கன் ராபின்சன் கதையும் அதே மாதிரிதான். 2014-இல் டிவிஷன் 3 இறுதி ஆட்டத்தில் வில்லியம்ஸ் கல்லூரி 75-73 என்று விஸ்கான்சின்–வைட்வாட்டரிடம் கடைசி வினாடியில் தோற்றது. அந்த வில்லியம்ஸ் அணியில் முதலாண்டுப் பையன் அவர். கோச் மைக் மேக்கர் வேறு வேலைக்குப் போனபோது, தான் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பீலைனிடம் சொல்லிவிட்டுப் போனார். மிஷிகன் பல்கலைக்கழகத்துக் கதவு திறந்தது. பிறகு மயாமி அணி, 2020 என்.பி.ஏ. இறுதித் தொடர். இப்படி ஆவார்கள் என்று நம்பி யாரும் பிள்ளையை அனுப்ப வேண்டாம், நூறு வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள் இவை.

பெண் பிள்ளைகளுக்கும் படிகள் இவையேதான். அவர்கள் கேட்க வேண்டிய கதை இம்மாகுலட்டா. ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்திய, பெண்களுக்கான ஒரு குட்டிக் கல்லூரி. 1972-இல் தேசியப் போட்டிக்கு விமானச் செலவுக்குப் பணமில்லாமல் பல் துலக்கும் பிரஷ் விற்றார்கள், எட்டுப் பேர்தான் போக முடிந்தது. கோச் கேத்தி ரஷ். அந்த வருஷமும் அடுத்த இரண்டு வருஷமும் பட்டம் அவர்களுக்கே. கன்னியாஸ்திரிகள் பக்கெட்டைத் தட்டி ஆரவாரம் செய்வார்களாம்.

படி 8: விசிட்டில் யாரிடம் பேச வேண்டும்

கோச்சிடம் அல்ல, பெஞ்சில் உட்காரும் இரண்டாமாண்டுப் பையனிடம். நட்சத்திர ஆட்டக்காரன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான். ஆடாதவன் ஏன் இன்னும் அங்கே இருக்கிறான் என்பதில்தான் அந்த இடத்தின் குணம் தெரியும். ஓர் இரவு அவர்களோடு ஹாஸ்டலில் தங்கச் சொல்லுங்கள். பயிற்சி நேரத்தோடு எஞ்சினியரிங் லேப் மோதினால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஜே.வி. என்கிற இரண்டாம்நிலை அணி உண்டா, முதலாண்டுக்காரர்களுக்கு அதில் ஆட்டம் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். பெற்றோர் வாயைத் திறக்க வேண்டிய ஒரே விஷயம் பணம்.

படி 9: பணம், விசா

ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும், உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்குப் போட்டுக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், சட்டப்படி இருந்தாக வேண்டும். விசிட்டுக்கு முன்பே அதைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் எழுதியிருக்கும் கட்டணத்தைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், பல தனியார் கல்லூரிகளில் அந்த முழுத் தொகையைக் கட்டுகிறவர்கள் குறைவு.

பச்சை அட்டை இல்லாத வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-4 என்கிற, வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவியும் கடனும் கிடையாது. கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் மெரிட் உதவி கிடைக்கலாம், ஆனால் சில இடங்களில் உங்களை வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைத்து வேறு வரிசையில் நிறுத்துவார்கள். டிவிஷன் 2, என்.ஏ.ஐ.ஏ. விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை தடையில்லை. 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டி வரும் என்பதையும் நான்கு வருஷக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கோச்சிடம் கேட்டால் அவருக்கே தெரியாது. நிதி உதவி ஆபீஸுக்குப் பிள்ளையின் விசா நிலையைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 10: கையெழுத்து

டிவிஷன் 3-இல் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. பள்ளியில் தொப்பி போட்டுக் கையெழுத்திடும் படம் எடுக்கிறார்களே, அந்தத் தாள் கொண்டாட்டத்துக்கு மட்டும், யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது ஏர்லி டிசிஷன் விண்ணப்பம். பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, இரண்டாம் சுற்று ஜனவரி தொடக்கத்தில். உள்ளே எடுத்தால் போயே ஆக வேண்டும். கோச் “ஏர்லி டிசிஷன் போட்டால் குரல் கொடுக்கிறேன்” என்றால் நியாயம்தான், அவருக்கும் குரல் எண்ணி வைத்ததுதான். ஆனால் நெட் பிரைஸ் தெரியாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதுவுமே அமையவில்லை என்றால் ஜூனியர் காலேஜ் இருக்கிறது. பென் வாலஸ் ஒஹையோவில் இரண்டாண்டுக் கல்லூரியில் தொடங்கி, வர்ஜீனியா யூனியன் என்ற டிவிஷன் 2 கல்லூரிக்குப் போய், 1996 டிராஃப்டில் யாரும் எடுக்காமல், பிறகு நான்கு முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனவர். முயற்சி செய்து அணியில் இடம் கேட்கும் வாக்-ஆன் வழியும் உண்டு, மேனேஜர் வேலையும் உண்டு.

படி 11: வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள்

முடிவானதும் மீதி கோச்சுகளுக்கு நன்றி சொல்லி ஒரு மெயில். பெரும்பாலான பிள்ளைகள் இதைச் செய்வதே இல்லை. உங்களுக்காக வைத்திருந்த இடத்தை அவர்கள் வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாமா? மருமகனைத் தேடி ஒரு கோச் பிப்ரவரிப் பனியில் இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தார், பையன் அவரிடமே போனான். மற்ற ஒன்பது பேருக்கும் தனித்தனியாக எழுதினான். நான்கு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் அதே லீக்கைச் சேர்ந்தவர். எழுதியிருந்தார்: “வாழ்த்துகள். வருஷத்துக்கு இரண்டு தடவை உன்னோடு ஆடுவோம். உனக்கு இடது பக்கம் போகத் தெரியாது என்பது என் பையன்களுக்கு ஏற்கெனவே தெரியும்.”

அந்தக் கோடை முழுக்க வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு டிரைவ்வேயில் பந்து தட்டிக்கொண்டிருந்தான். ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை.